குசினி ரேடியோவில் என் குரல்

அன்றைக்குக் கேட்டது என் குரல்தான் என்று மாமிக்குத் தெரியுமா? நாலு மாதமாகிறது, இன்னும் எனக்கு விடை கிடைக்கவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைக்கிற நாட்களில் வெட்கமாக இருக்கிறது. தெரிந்திருக்காது என்று நினைக்கிற நாட்களில், ஏமாற்றிவிட்டேனே என்று அதைவிட வெட்கமாக இருக்கிறது.

முதலில் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். யப்பானில் யாரோ ஓட்டிக் களைத்து, கப்பலேறி எங்களிடம் வந்த சின்னக் கார் அது. சாவியைத் திருப்பினால் ஒரு பெண் யப்பான் மொழியில் மிகப் பணிவாக ஏதோ சொல்வாள். மூன்று வருடமாக அவள் என்ன சொல்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. இரண்டரை வயது மகள் மட்டும் அவளுக்கு "ஓம்" என்று மறுமொழி சொல்லிவிட்டுத்தான் இருக்கையில் சாய்வாள். காரின் ரேடியோவும் யப்பான் கணக்குத்தான். எண்பதுகளோடு எண்கள் முடிந்துவிடும், எங்கள் நிலையங்களில் அநேகமானவை அதற்கு அப்பால் இருக்கின்றன. சீடி போடும் வாய்க்குள் மகள் ஒரு மாரி பிஸ்கட்டைச் செலுத்திவிட்டாள்.

அதனால் என் தங்கை தந்த கையடக்கப் பாட்டுப்பெட்டியை ஒரு விரலளவு துண்டில் கொளுவி, அந்தத் துண்டைச் சிகரட் பற்றவைக்கும் துளையில் செருகி வைத்திருக்கிறோம். பெட்டியில் ஓடும் பாட்டை அந்தத் துண்டு குட்டி வானொலி நிலையம் போல வெளியே அனுப்பும், கார் ரேடியோ எண்பத்தொன்பதுக்குக் கிட்ட அதைப் பிடித்துப் பாடும். இவ்வளவும் எனக்குத் தெரியும். காரை விட்டு வெளியேயும் அது போகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வீடு ஆரையம்பதியில். பின்வளவு வாவியில் போய் முடிகிறது. கணவர் திருகோணமலையில் வேலை, மாதம் இரண்டு முறை வருவார். நான் காலை ஆறரைக்கே வந்தாறுமூலைக்குக் கிளம்பிவிடுவேன், அங்கே கம்பஸ் அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞர். மகளைப் பார்ப்பவர் மாமி, கணவரின் அம்மா. நன்றாகவே பார்ப்பார். முள் எடுத்து மீன் ஊட்டுவார், தலைக்கு எண்ணெய் வைப்பார், நான் மறந்த தடுப்பூசித் தேதியை ஞாபகப்படுத்துவார். ஆனால் காது குறைந்து வருகிறது. அதை அவர் ஒத்துக்கொள்வதில்லை, ரேடியோவின் சத்தத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகிறார்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தபோது மகள் பின்வேலியில் பிய்ந்திருந்த ஓட்டைக்கு, அந்தப் பொட்டுக்கு, வெளியே தனியாக நின்றாள். பத்து எட்டு வைத்தால் தண்ணீர். கையில் ஒற்றைச் செருப்பு. ஒரு கொக்கோடு ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள். மாமி சமைக்கிற குசினிக்குள் ரேடியோ முழங்கியது.

"இப்பதானே கா இஞ்ச இருந்தாள்!" என்றார் மாமி.

பொட்டை அடைத்தோம். மூன்றாம் நாள் மகள் வேறொரு பொட்டைக் கண்டுபிடித்தாள்.

அந்தக் கிழமையே என் அலுவலகத்துக்குக் கிட்ட உள்ள பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் ஓரிடம் காலியானது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லும்படி கேட்டார்கள். மகளை அங்கே விட வேண்டும், அதை மாமியிடம் சொல்ல வேண்டும். நானோ மின்சாரக் கந்தோருக்குத் தொலைபேசியில் கோல் எடுப்பதற்கு முன்னரே தாளில் வசனம் எழுதி வைக்கிறவள். அந்தப் பாட்டுப்பெட்டியில் ஒலிப்பதிவு செய்யும் பொத்தானும் இருந்தது. ஆகவே காரில் போகும்போதும் வரும்போதும் ஒத்திகை பார்த்தேன்.

மூன்று பதிவு செய்தேன். முதலாவது "மாமி, ஒரு சின்ன விசயம்" என்று தொடங்கி, மாமியின் மீன்கறியைப் புகழ்ந்து, விசயத்துக்கு வராமலே முடிந்துவிட்டது. இரண்டாவதில் உறுதியாகப் பேச நினைத்தேன், சுற்றறிக்கை வாசிப்பது போல வந்தது. "இது தொடர்பாகத் தங்களுக்கு அறியத்தருவது" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது, கல்லடிப் பாலத்தில் ஒரு லொறிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றபோது வந்தது. அதில் அழுதுவிட்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் மகளை உறங்க வைக்கக் காரில் படுத்தினேன். பாட்டுப்பெட்டியின் பாட்டு இல்லாமல் அவள் உறங்கமாட்டாள். வழமையாக நிறுத்தும் இடத்தில் வெயில். அதனால் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குசினிச் சுவரோரம், மாமர நிழலில் காரை விட்டு, காற்றுக்குக் கதவுகளைத் திறந்து வைத்தேன். மகள் உறங்கியதும், மூன்று பதிவில் எது பரவாயில்லை என்று கேட்டுப் பார்க்க எண்ணினேன். காதுக்குள் வைக்கிற வயரை மகள் கடித்து வைத்திருந்தாள். ஆகவே கார் ரேடியோவின் சத்தத்தை மிகவும் குறைத்து, கதவோரத்து ஒலிபெருக்கியில் காதை ஒட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

"மாமி, ஒரு சின்ன விசயம்" என்றது என் குரல், கோயில் ஒலிபெருக்கி போல.

குறைத்தேன். மீன்கறிப் புகழ்ச்சி அதே சத்தத்தில் வந்தது. இன்னும் குறைத்தேன். திரையில் இருந்த கோடுகள் எல்லாம் மறைந்து சத்தம் பூச்சியமானது. பூச்சியத்திலும் நான் கதைத்துக்கொண்டிருந்தேன். காரில் பிழை என்று நினைத்துப் பெட்டியை நிறுத்தப் போனேன். பதற்றத்தில் அது இரண்டாவது பதிவுக்குத் தாவி அறியத்தந்தது. மறுபடி அழுத்தினேன், மூன்றாவது தொடங்கியது.

அப்போதுதான் விளங்கியது. குரல் காரில் இருந்து வரவில்லை. குசினி யன்னலால், மாமியின் ரேடியோவில் இருந்து வருகிறது; அவர் கேட்கும் நிலையமும் எண்பத்தொன்பதுக்குக் கிட்டத்தான்.

"நீங்க புள்ளய வடிவாத்தான் பாக்கிறீங்க மாமி. ஆனா உங்களுக்குக் காது மந்தம். அவள் தண்ணியில விழுந்து கத்தினாலும் உங்களுக்குக் கேக்காது. நான் கந்தோரில இருந்து பத்துத் தரம் கோல் எடுக்கிறது உங்களோட கதைக்க இல்ல, புள்ளட சத்தத்தக் கேக்கத்தான்..."

பின்னிருக்கையில் மகள் உறங்குகிறாள், கத்தவும் முடியாது. நான் மூக்கை உறிஞ்சும் சத்தம் வரைக்கும் ஊருக்குக் கேட்ட பிறகுதான் அந்தத் துண்டைப் பிடுங்கி எடுத்தேன். உடனே குசினியில் ஒரு சவர்க்கார விளம்பரம் பாடத் தொடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போனேன். மாமி தேங்காய் திருவிக்கொண்டிருந்தார்.

"புள்ள உறங்கிட்டாளா?"

"ஓம் மாமி."

"ரேடியோவில ஒரு நாடகம் போச்சுது கா. இடையில நிண்டுட்டு."

"என்ன நாடகம் மாமி?"

"ஒரு மருமகள் மாமியோட கதைக்க வாறா. முதல்ல மீன்கறி நல்லமாம். மறுகா அரசாங்கக் கச்சேரிக் கடிதம் வாசிக்கிறா. மறுகா அழுறா. நடிப்புக் காணாது." தேங்காய்ப் பாதியைத் திருப்பிப் பிடித்தார். "அழுகை மட்டும் நல்லம்."

நான் தண்ணீர் குடிக்கக் கோப்பையைத் தேடினேன். அது என் கையிலேயே இருந்தது.

"அந்த மாமிக்குக் காது மந்தமாம்" என்றார் மாமி. "பாவம் மனிசி."

"ஓம், பாவம்" என்றேன் மெதுவாக.

"என்ன?"

"பாவம் மாமி!"

"அதுக்கு ஏன் கத்துறாய்? எனக்குக் கேக்குதுதானே."

இரவு கணவருக்குக் கோல் எடுத்துச் சொன்னேன். அவர் சிரித்து முடியும்வரை பொறுத்திருந்தேன்.

"அம்மாட்ட நேர கேளன்" என்றார்.

"அதுக்குத்தானே மூண்டு தரம் ஒத்திகை பாத்தன்!"

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் மாமி அதே இடத்தில் ரேடியோவைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார். "மத்தப் பங்கைப் போடுறாங்க இல்ல கா. அந்த மாமி என்ன மறுமொழி சொன்னாவோ?" அவர் முகத்தையே பார்த்தேன். சிரிப்பு எதுவும் தெரியவில்லை. மாமி சிரிப்பை அடக்கக் கூடியவரா என்பதும் எனக்குத் தெரியாது, ஏழு வருடத்தில் அதைக் கவனித்து வைத்துக்கொள்ளவில்லை.

புதன்கிழமை துணிந்து கேட்டேன். "நீங்கெண்டா என்ன சொல்லியிருப்பீங்க மாமி?"

மாமி யோசித்தார். "நேர வந்து கேட்டிருந்தா ரெண்டு நாள் கோவிச்சுப்போட்டு ஓமெண்டு சொல்லியிருப்பன்."

வியாழக்கிழமை மாலை நேரே போய்க் கேட்டேன். பதிவு எதையும் பின்பற்றவில்லை, மீன்கறியைத் தொடவில்லை. காதைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. வேலியும் தண்ணீரும் பயமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். மாமி மகளைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். வெள்ளிக்கிழமை என்னோடு கதைக்கவில்லை. புதன்கிழமை கேட்ட நாடக விமர்சனத்தை நம்பி, பதினொரு மணிக்குப் பராமரிப்பு நிலையத்துக்குக் கோல் எடுத்து இடத்தை உறுதி செய்தேன். சனிக்கிழமையும் மாமி கதைக்கவில்லை.

ஞாயிறு காலை மகளின் பை கதவடியில் இருந்தது. மூன்று சட்டை, ஒரு துவாய், இரண்டு செருப்பும் நூலால் சேர்த்துக் கட்டி.

"ஓம்" என்றார் மாமி. "அங்க ஆத்தங்கர இல்லத்தானே? வடிவா விசாரிச்சனியா?"

இப்போது மகள் ஒவ்வொரு காலையும் யப்பான்காரிக்கு ஓம் சொல்லிவிட்டு என்னோடு வருகிறாள். நான் கோல் எடுப்பது இரண்டு தரமாகக் குறைந்திருக்கிறது. அதில் ஒன்று பராமரிப்பு நிலையத்துக்கு, மற்றது மாமிக்கு, உண்மையாகவே கதைக்க. ஆனால் சனிக்கிழமைப் பின்னேரங்களில் மாமி இன்னும் அதே இடத்தில் ரேடியோவைத் திருப்பி வைக்கிறார். போன கிழமை கேட்டார்: "அந்தப் புள்ள மாமியக் காது டொக்டரிட்டக் கூட்டிப் போனாளோ தெரியா."

போன கிழமையில் இருந்து இந்த ஒரு வசனத்தோடு அல்லாடுகிறேன். கூட்டிப் போ என்று என்னிடம் சொல்கிறாரா? இல்லை, நாடகத்தின் முடிவைத்தான் கேட்கிறாரா? நேரே போய், "அது நான்தான் மாமி, காதைப் பற்றிச் சொன்னதற்கு மன்னியுங்கள், டொக்டரிடம் போவோம்" என்றால், உண்மையில் தெரியாதவராக இருந்தால் என்ன ஆகும்? அல்லது மாமர நிழலில் காரை நிறுத்தி இரண்டாம் பங்கைப் போட்டுவிடுவதா? பெட்டியில் இன்னும் இடம் இருக்கிறது. இதை வாசிக்கிற மருமகள்மாரும், முக்கியமாக மாமிமாரும், எது சரி என்று எனக்குச் சொல்லுங்கள். சனிக்கிழமைக்கு முன்னர் சொன்னால் பெரிய உதவி.