முகராமல் தேறிய பால்

பால் நிலையத்தில் எல்லாருக்கும் அவள் 'மூக்கக்கா'. கேன் மூடியைத் திறந்து ஒரு தடவை முகர்ந்தால் போதும்; புளிக்கத் தொடங்கிய பாலா, கேனைச் சரியாகக் கழுவவில்லையா என்று சொல்லிவிடுவாள். அதன் பிறகுதான் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பாள். குழாயில் பாலோடு ஸ்பிரிட்டை ஊற்றித் திரிகிறதா என்று ஆட்டிப் பார்ப்பாள். நீலச் சாயச் சோதனையும் உண்டு. கிருமி அதிகமென்றால் நீலம் சீக்கிரம் வெளுக்கும். ஆனால் அது வெளுப்பதற்குள் லாரி கிளம்பிப் போயிருக்கும்.

ஒரு கடும் காய்ச்சலில் படுத்து எழுந்த மறுநாள், கணவர் சமையலறைக்குள் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"சோறு கருகி வீடே நாறுது. பக்கத்துலயே நிக்கிற, தெரியலையா?"

தெரியவில்லை. வெங்காயத்தை நறுக்கி முகர்ந்தாள். கண் எரிந்ததே தவிர வாசனை வரவில்லை.

"மேனேஜர்கிட்ட சொல்லிடு."

"சொன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க. தானா வந்துடும், விடுங்க."

வரவில்லை. நிலையத்தில் வழக்கம்போலக் குனிந்து முகர்வதாகப் பாவனை செய்தாள். ஸ்பிரிட் சோதனையை மட்டும் இரண்டு தடவை செய்தாள். புளித்த பாலை அது காட்டிக்கொடுத்ததால் கொஞ்சம் தைரியமும் வந்தது.

ஒரு காலை, எல்லாக் கேன் பாலும் ஒன்றாகச் சேரும் தொட்டியிலிருந்து பாலை ஏற்ற வந்த லாரி டிரைவர் முகத்தைச் சுளித்தார். "மண்ணெண்ணெய் வாடை அடிக்குதே."

யாரோ மண்ணெண்ணெய் வைத்திருந்த கேனில் பால் கொண்டுவந்திருக்கிறார்கள். ஸ்பிரிட்டில் அது திரியவில்லை. லாக்டோமீட்டரிலும் ஒன்றும் தெரியவில்லை. தொட்டிப் பால் மொத்தமும் சாக்கடைக்குப் போக வேண்டியதுதான்.

மேனேஜர் தொட்டி கழுவும் பெரியவர் மீது பாய்ந்தார். "மூக்கக்காவைத் தாண்டி கெட்ட பால் வராது. மோட்டார் துடைச்ச துணியால தொட்டியைத் துடைச்சியாய்யா?"

பெரியவர் அவளைப் பார்த்தார். அவள் குனிந்து கேன் மூடிகளை அடுக்கினாள். மேனேஜர் கத்தி ஓய்ந்து, "நாளையிலேருந்து வராதே" என்ற பிறகுதான் பேசினாள்.

"அவரை விடுங்க சார். காய்ச்சலுக்கு அப்புறம் எனக்கு வாசனையே தெரியல."

"அப்ப இத்தனை நாளும் குனிஞ்சு குனிஞ்சு என்னதான் பாத்தீங்க?"

அவள் கையிலிருந்த லாக்டோமீட்டரை மேசைமேல் வைத்தாள்.

இருவருக்குமே வேலை போகவில்லை. அவளைப் பின்னறையில் நீலச் சாயக் குழாய்களைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். பெரியவரிடம் போய், "உடனே சொல்லியிருக்கணும்ணே" என்றாள்.

"சொன்னியேம்மா, அது போதும்" என்றார் அவர், தேய்ப்பதை நிறுத்தாமல். அதன் பிறகு அவளிடம் அவராக எதுவும் பேசியதில்லை.