திறக்க மறுத்தவர்

எங்கள் பல்கலைக்கழகத்தில் மெயில் திறக்காவிட்டால் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த அந்த அம்மாவிடம்தான் ஓடுவோம். ஒல்லியான உருவம், கணீரென்ற குரல். "என் பாஸ்வேர்டு பாபநாசம்" என்று நான் ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொள்வார். "சொல்லாதீங்க அண்ணாச்சி, அது எனக்கு வேண்டாம்."

ஒருநாள் நான் அங்கே போனபோது, எனக்கு முன்னால் துறைத்தலைவர் நின்றிருந்தார். தன்மேல் புகார் கொடுத்த மாணவியின் மெயிலைத் திறந்து காட்டச் சொன்னார்.

"அந்தப் பிள்ள வந்து கேட்டாத் தெறப்பேன் சார்."

"நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். அதனாலதான் மாட்டேங்கேன்."

"நீ காண்ட்ராக்ட் ஆளு. நாளைக்கு வேலை இருக்காது, பாத்துக்கோ."

"இன்னைக்கு இருக்குல்லா? கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், பின்னால அண்ணாச்சி நிக்காவ."

துறைத்தலைவர் நிஜமாகவே தள்ளி நின்றார். குரலைக்கூட உயர்த்தாமல் அந்த அம்மா அதை எப்படிச் சாதித்தார் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.