தரையில் நின்று உலுக்கிய புளி

புளி உலுக்குவதில் எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆண்கள் மரமேறி உலுக்குவார்கள். பெண்கள் கீழே பொறுக்குவார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. தீர்த்தகிரி கேட்டான் என்று சொன்னால் அதுவும் பொய். அவன் விழுந்தான், அவ்வளவுதான்.

மரமேறுவதில் அவனை மிஞ்ச ஊரில் ஆளில்லை. அந்தத் திமிரில் ஒரு மாசியில் பனி ஈரம் காயும் முன்பே ஏறிவிட்டான். கால் வழுக்கிக் கீழே வந்தான். வேலூரில் காலுக்குள் கம்பி வைத்து, இனி மரமேறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவனுக்கும் மனைவி ரேணுகாதேவிக்கும் கொல்லையில் நின்ற புளியமரங்களை விட்டால் வேறு பிழைப்பில்லை.

செய்தி கேட்டு போளூரிலிருந்து வியாபாரி வந்துவிட்டார். "பேசாம மரத்த குத்தகைக்கு வுட்டுடுங்க. நம்ம ஆளுங்க வந்து உலுக்கிக்குவாங்க" என்றார். விட்டால் சொந்த மரத்தடியிலேயே கூலிக்குப் பொறுக்க வேண்டியதுதான்.

"அடுத்த காய் பழுக்கட்டும். அப்பால சொல்றேங்க" என்றான் தீர்த்தகிரி. அந்த நினைப்பே அவனைத் தூங்கவிடவில்லை.

அவனுக்குத் தோன்றிய யோசனை ரொம்பச் சின்னது. கீழே நின்றே கயிறு போட்டு உலுக்கினால் என்ன? மறு வருஷம் காய் பழுத்ததும் கயிற்று நுனியில் இரும்புக் கொக்கியைக் கட்டி வீசினான். கொக்கி கிளையைக் கவ்வியது; பிறகு விடவே இல்லை. பக்கத்து வீட்டு முனியன் ஏறி எடுத்துக் கொடுத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அடுத்து கல்லைக் கட்டி வீசினான். அது எதிர்வீட்டுக் குப்பம்மாளின் கூரை ஓட்டை உடைத்தது.

"இன்னாடா தீர்த்தகிரி, புளிய உலுக்கறியா, என் வூட்ட உலுக்கறியா?"

ஓட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான். பிடிவாதத்தில் அவன் புளியமரத்துக்கே அண்ணன். பழைய பேண்ட் துணியில் சின்னப் பை தைத்து, மணல் நிரப்பி, மெல்லிய நூல்கயிற்றில் கட்டி வீசினான். பை கிளையைத் தாண்டி, இலைகளுக்குள் நழுவி, மெத்தென்று இறங்கியது. நூலின் வாலில் தடித்த கயிற்றைக் கட்டி இழுத்தான். கிளையில் முடிச்சே போடவில்லை. இரண்டு நுனியும் கையில் இருந்தன. வேலை முடிந்ததும் ஒன்றை விட்டு மற்றதை இழுத்தால் கயிறு தானே வந்துவிடும்.

எல்லாம் சரி, இழுக்கக் கால் வேண்டுமே! கம்பிக் கால் ஊன்றவில்லை. இழுத்த வேகத்தில் மல்லாந்து விழுந்தான். எழுந்து இழுத்தான், மறுபடி விழுந்தான். அன்றைக்குத்தான் அவனுக்கு அழுகை வந்தது. "போதும்மா. குத்தகைக்கே வுட்டுரலாம்" என்றான் மனைவியிடம்.

ரேணுகாதேவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தள்ளு மாமா."

"பொம்பள உலுக்கறதா?"

"யாரு இழுக்கறாங்கன்னு கயித்துக்குத் தெரியுமா?"

இரண்டு காலையும் ஊன்றி ஓங்கி இழுத்து விட்டாள். கிளை துள்ளியது, பழம் கொட்டோ கொட்டென்று கொட்டியது, பாதி அவன் தலையிலேயே. வலியை மறந்து சிரித்தான்.

அந்தப் பங்குனியில் வியாபாரி மரமேறும் ஆட்களோடு வந்து நின்றார். தீர்த்தகிரி பெண்களோடு பெண்ணாகக் கீழே உட்கார்ந்து புளி பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க, முடிவு பண்ணிட்டீங்களா?"

தீர்த்தகிரி மேலே கிளையில் தொங்கிய கயிற்றைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான்.

"அப்பால நில்லுங்க சார். எங்க வூட்டுக்காரி உலுக்கப் போறா!"