எடை மிஷினில் ஒரு கட்டைவிரல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு மண்டன்; மடையனுக்கு எங்கள் ஊர்ச் சொல். இதைச் சொல்லும் உரிமை எங்கள் ஊரில் பலருக்கும் உண்டு. அவர்கள் அதைத் தவறாமல் பயன்படுத்தியும் வருகிறார்கள். ஆதாரம் வேண்டுமென்றால் இதோ: என் நாவலை யாராவது மேடையில் பாராட்டும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியவன் நான். பார்வை தரையில் இருக்க வேண்டும். உதட்டில் லேசான சிரிப்பு. ‘இதற்கெல்லாம் நான் தகுதியானவன்தானா’ என்று கண் கேட்க வேண்டும், ‘வேறு யார்’ என்று கழுத்து சொல்ல வேண்டும். ஒருநாள் கதவைத் திறந்து பார்த்த என் மனைவி, “என்ன, பல்லுவலியா?” என்று கேட்டாள்.

இந்த முகம் எனக்குத் தேவைப்பட்டதே ஒரு கட்டைவிரலால்தான். அதைச் சொல்கிறேன்.

பெரியவர்களுக்காக மூன்று நாவல் எழுதினேன். பெரியவர்கள் வாசிக்கவில்லை. பதிப்பாளர் திருப்பியனுப்பிய கட்டுகளில் ஒன்று எங்கள் வீட்டு பீரோவின் உடைந்த காலுக்கு அடியில் இருக்கிறது. என் எழுத்து இந்த உலகத்தில் எதையாவது தாங்கிப் பிடித்தது என்றால் அந்த பீரோவைத்தான். பிறகு ஒருநாள் அதே பதிப்பாளர் போனில் கூப்பிட்டார். “சார், இப்ப இளையோர் நாவல்தான் போகுது. ஸ்கூல்ல வாங்குறாங்க, லைப்ரரில வாங்குறாங்க. அழ வைக்கிற மாதிரி ஒண்ணு குடுங்க, சின்னதா.”

அந்த வயதுப் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அவர்கள் என்னை வாசிப்பதில்லை. ஆனால் எழுதுகிற பிள்ளை ஒருத்தியைத் தெரியும். என் தங்கையின் மகள். பூதப்பாண்டிப் பக்கம் வீடு. அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

“மாமா, ஒரு கதை எழுதியிருக்கேன். வாசிச்சுப் பாப்பியளா?”

“யாரு எழுதுனது, நீயாட்டி?”

“ஆமா.”

“கையெழுத்து நல்லாருக்கே. அப்பம் கதை மோசமாத்தான் இருக்கும்” என்றேன். அவள் சிரித்தாள். அந்த வயதில் நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் சிரிப்பாள்.

கதை நாலே பக்கம். எழுதியவை எல்லாம் நிஜமாகவே அவர்கள் வீட்டில் நடந்தவை. அவளுடைய அப்பா, அதாவது என் மச்சான், மஸ்கட்டில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார். திரும்பிப் போகிற அன்றைக்கு அட்டைப்பெட்டியை எடை பார்க்க வேண்டும், முப்பது கிலோவுக்கு மேல் போனால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பெட்டியை மிஷின் மேல் வைத்தால் முள் தெரியாது. அதனால் கல்ஃபுக்கு ஆள் போகிற வீடுகளில் எல்லாம் ஒரு வழி உண்டு. முதலில் ஆள் மட்டும் மிஷினில் ஏறுவார். அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். கழித்துப் பார்த்தால் பெட்டியின் எடை.

எல்லோரும் பெட்டியின் எடையைத்தான் பார்த்தார்கள். பிள்ளை மட்டும் அப்பாவின் எடையைப் பார்த்திருக்கிறாள். ஒரு லீவில் எழுபத்தெட்டு. அடுத்த லீவில் எழுபத்திரண்டு. அதற்கடுத்த லீவில் அப்பா மிஷினில் ஏறும்போது முள் அறுபத்தாறில் நிற்கிறது. அம்மா குனிந்து பார்க்க வருகிறாள். அம்மா பயந்துவிடுவாள் என்று மகள் தன் கால் கட்டைவிரலை மிஷினின் ஓரத்தில் வைத்து, ஒன்றும் தெரியாதவள்போல அழுத்துகிறாள். எழுபது. அம்மா எழுபது என்று குறித்துக்கொள்கிறாள். பிறகு பெட்டியோடு தொண்ணூற்றாறு. “அப்பம் பெட்டி இருபத்தாறுதான். இன்னும் நாலு கிலோ வைக்கலாம்” என்று அம்மா சந்தோஷமாக முந்திரிக்கொத்தும் ஊறுகாயும் அடுக்குகிறாள். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் பெட்டி முப்பத்திநாலு. எல்லோர் முன்னாலும் கயிற்றை அறுத்து, பெட்டியைத் திறந்து, நாலு கிலோவை வெளியே எடுக்கிறார்கள். காரில் திரும்பி வரும்போது முந்திரிக்கொத்துப் பொட்டலம் மகளின் மடியில் இருக்கிறது. “கணக்கு எங்க தப்பிச்சு?” என்று அம்மா கேட்கிறாள். மகள் ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். கதை முடிந்தது.

அந்தக் காரில் நானும் இருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். முன் சீட்டில். அந்த நாலு கிலோவில் பாதியைத் தின்றவன் நான்தான். மச்சான் மெலிந்ததையும் பார்க்கவில்லை, பிள்ளை முகத்தையும் பார்க்கவில்லை. தோவாளை தாண்டினால் காற்று எப்படி மாறும் என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டு வந்த ஞாபகம். நாங்கள் வந்துகொண்டிருந்தது அதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து.

நோட்டை வாங்கி வைத்து, சிவப்பு மையில் திருத்தினேன். கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதினேன்: ‘கதையில் ஒன்றும் நடக்கவில்லை. அப்பா ஏன் சாகக் கூடாது? யோசி.’ கீழே கையெழுத்தும் தேதியும். ஆட்டோகிராஃப் கேட்காதவர்களுக்கும் போடுவது என் பழக்கம்.

அவள் யோசித்தாளா தெரியாது. நான் யோசித்தேன். பதிப்பாளர் கூப்பிட்ட மறுநாளே உட்கார்ந்து, நாற்பது நாளில் நாவல். மகளை மகனாக்கினேன். மஸ்கட்டை தோஹாவாக்கினேன். அப்பாவைக் கொன்றேன். கட்டைவிரலை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டேன், அதை மாற்ற எனக்கு மூளை இல்லை. எங்கிருந்து எடுக்கிறோம் என்று எழுதும்போது தெரியாமல் போயிற்று, மனதின் ஆழத்திலிருந்து வந்தது என்றெல்லாம் இங்கே எழுதினால் அழகாக இருக்கும். ஒரு பேட்டியில் அப்படித்தான் சொன்னேன். தெரியும். மூன்றாம் பக்கம் எழுதும்போதே தெரியும்.

புத்தகம் ஓடியது. விமர்சனம் எழுதியவர்கள் எல்லோரும் அந்தக் கட்டைவிரலிலேயே விழுந்தார்கள். பள்ளிக்கூடங்களில் பேசக் கூப்பிட்டார்கள். நான் மேடையில் செருப்பைக் கழற்றி, கட்டைவிரலால் அழுத்தி நடித்தே காட்டுவேன். சுண்டைக்காய் மாதிரி நகம் இருக்கும் என் விரலுக்கு அத்தனை கைதட்டல்.

தங்கை வீட்டுக்கு ஒரு பிரதி கொண்டுபோனேன். ‘என் முதல் வாசகிக்கு’ என்று மருமகளுக்கு எழுதிக் கொடுத்தேன். மச்சான் அப்போது வேலையை விட்டு ஊருக்கே வந்துவிட்டார். சர்க்கரைதான், மருந்தில் நிற்கிறது. அவர் கடைசி அத்தியாயத்தை முதலில் வாசித்துவிட்டு, “மச்சான், என்னயக் கொன்னுபுட்டியளே” என்றார்.

“நாவலுக்கு வேண்டிவந்துது.”

“சரி, போட்டு. நல்ல சாவுதான்.”

தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. “நம்ம வீட்டு மிஷினுல்லா இது! ஏட்டி, பாத்தியா, மாமா நம்ம வீட்டையே எழுதிட்டாவ.” அவளுக்கு அப்போதும் அந்தக் கட்டைவிரல் நிஜம் என்று தெரியாது. அது என் கற்பனை என்று நினைத்து, “எப்படித்தான் தோணுதோ” என்றாள். பிள்ளை இரண்டு நாளில் புத்தகத்தை வாசித்துவிட்டாள். எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டேன். “நல்லாருக்கு மாமா” என்றாள். நான் அதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். சொன்னேனே, மண்டன்.

இந்த வருஷம் நாகர்கோவிலில் ஓர் இலக்கிய அமைப்பு பள்ளி மாணவர்களுக்குச் சிறுகதைப் போட்டி வைத்தது. கதையில் பெயர் இருக்கக் கூடாது, எண் மட்டும். பரிசு கொடுக்க நான். தங்கையும் மருமகளும் நாலாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாமா மேடையில் இருப்பதைப் பார்க்கப் பிள்ளை வந்திருக்கிறாள் என்று நினைத்துக் கையைக் காட்டினேன்.

தேநீர் இடைவேளையில் அமைப்பாளர் வந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு கத்தைத் தாளை ஆட்டிக்கொண்டே சிரித்தார்.

“சார், ஒரு கூத்து கேளுங்க. பதினேழாம் நம்பரு ஒங்க நாவல அப்படியே சுட்டு அனுப்பியிருக்கு. மிஷினு, கட்டவெரலு, எல்லாம் இருக்கு. சுடத் தெரிஞ்ச பிள்ளைக்கு முடிக்கத் தெரியல பாத்துக்கிடுங்க. அப்பன் சாவவே இல்ல!”

தாளைக் கையில் கொடுத்தார். கையெழுத்து நன்றாக இருந்தது.

அந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். ‘இது அவளுடையது, நான்தான் எடுத்தேன்.’ நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு வாக்கியம் பெரிய விஷயமா? தொண்டையில் பருப்புவடை இருந்தது. அதை விழுங்கினேன். வடையோடு வாக்கியமும் போயிற்று. வெளியே வந்தது இது: “சின்னப் பிள்ள சார். விட்டுருங்க.”

“உங்க பெருந்தன்மை யாருக்கு வரும்!” என்று அவர் மேடைக்கு ஓடினார். மைக்கைப் பிடித்து, ஒரு மாணவர் நம் சிறப்பு விருந்தினரின் நாவலையே திருடி அனுப்பியிருக்கிறார், எழுத்தாளரோ மன்னித்துவிட்டார், பதினேழாம் எண் எழுந்து வந்து சாரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகட்டும் என்றார். அரங்கம் சிரித்தது. எல்லோரும் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினார்கள். என் தங்கையும் திரும்பிப் பார்த்தாள், யார் வீட்டுப் பிள்ளையோ என்று.

பக்கத்து நாற்காலியிலிருந்து மகள் எழுந்தாள்.

அவள் நடந்து வந்த அந்த நேரத்தில் எனக்கு இன்னொரு வாய்ப்பு இருந்தது. நீளமான அரங்கம். பிள்ளை மெதுவாகத்தான் வந்தாள், எனக்கு நேரம் கொடுப்பதுபோல. மேடையேறி என் முன்னால் நின்றாள். மைக்கை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மௌனம் நீண்டுபோனால் என்னால் தாங்க முடியாது, ஒரு நகைச்சுவை போட்டுவிடுவேன். மைக்கை நான் வாங்கினேன்.

“இது நம்ம பிள்ளதான். எனக்கு மருமக. திருடுனாலும் நல்ல கடையாப் பாத்துத்தான் திருடியிருக்கா” என்றேன். அவள் தலையில் கைவைத்து, “மாமா மன்னிச்சாச்சு, போ” என்றேன்.

அன்று விழுந்த கைதட்டல் என் வாழ்க்கையிலேயே பெரியது. நான் பழகி வைத்திருந்த முகம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. தரையைத்தான் பார்த்தேன். அவளுடைய கால்கள் தெரிந்தன. கட்டைவிரல் தரையில் அழுந்தி வெளுத்திருந்தது.

வடசேரியில் பஸ் ஏறியதிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் தங்கை தன் மகளைத் திட்டிக்கொண்டே போயிருக்கிறாள். மறுநாள் பள்ளியில் அவளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்: ‘ஜெராக்ஸ்’. தமிழாசிரியை அவளுடைய பழைய கட்டுரைகளையெல்லாம் எடுத்து வைத்து, எது எங்கிருந்து வந்தது என்று விசாரித்திருக்கிறார். அதன்பின் அவள் நோட்டுப் புத்தகத்தில் பாடத்தைத் தவிர வேறு எதுவும் எழுதவில்லை என்று மச்சான்தான் போனில் சொன்னார். “ஒங்ககூட எதாம் பேசினா சரியாவும்” என்றார் பாவம்.

இரண்டு வாரம் பொறுத்துப் போனேன். தைரியம் வர அத்தனை நாள் பிடிக்கவில்லை, அடுத்த பதிப்பின் அட்டை ஒப்புதலுக்கு வந்திருந்தது, அதை முடித்துவிட்டுப் போனேன். தங்கை அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அவளிடம்தான் முதலில் சொன்னேன். அந்தக் கதை உன் மகள் எழுதியது, விரலும் அவளுடையது, நான் களவாண்டேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லும்போதே கண் கலங்கியது. அதில் பாதி நிஜம்.

தங்கை துருவலை நிறுத்தவில்லை. “சும்மா இருங்கண்ணே. அவளக் காப்பாத்துததுக்கு ஒரு கதை கட்டிட்டு வந்திருக்கிய. ஒங்களுக்குச் சொல்லியா குடுக்கணும்?”

“சத்தியமாட்டு சொல்லுதேன்.”

“மேடையில அத்தன பேரு முன்னால மன்னிச்ச மனசுல்லா. இதுவும் சொல்லுவிய, இதுக்கு மேலயும் சொல்லுவிய” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தைந்து வருஷம் பொய் எழுதிச் சேர்த்த நல்ல பெயர், ஒரே ஒரு உண்மையைச் செலாவணியாக்க உதவவில்லை.

பிள்ளை உள்ளறையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் அந்த எடை மிஷின் கிடந்தது. அதன் மேல் பழைய நோட்டுகள். மேலே இருந்த நோட்டை எனக்கு அடையாளம் தெரிந்தது. எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். ‘அப்பா ஏன் சாகக் கூடாது? யோசி.’ என் சிவப்பு மை, என் கையெழுத்து, என் நாவலுக்கு ஒரு வருஷம் முந்திய தேதி. அன்றைக்கு மேடையில் இந்த ஒரு பக்கத்தைக் காட்டியிருந்தால் போதும், நான் வடசேரி பஸ் ஸ்டாண்டில் முகத்தை மூடிக்கொண்டு திரிந்திருப்பேன்.

“மக்ளே, இத ஏன் யார்ட்டயும் காட்டல?”

அவள் ஒரு கணக்கை முடித்து, அடியில் கோடு போட்டாள்.

எனக்கு மௌனம் ஆகாது என்று சொன்னேன் அல்லவா. பேசிக்கொண்டே போனேன். ஒரு பத்திரிகையில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள், நடந்ததையெல்லாம் அப்படியே எழுதிப் போடுகிறேன், என்னை நானே கிழித்துப் போடுகிறேன், மேடையில் நின்றது, வடை, உன் விரல், எல்லாம் வரும், வாசிக்கிறவர்கள் அழுதுவிடுவார்கள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே உற்சாகம் ஏறியது. முதல் வரிகூட அங்கேயே தோன்றிவிட்டது.

அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அதையும் நீங்களே எழுதிக்கிடுங்க மாமா.”