காயலிலிருந்து எடுத்த வண்டி

மட்டாஞ்சேரியிலிருந்து பாலம் தாண்டினால் வெலிங்டன் தீவு. அங்கே காயலை ஒட்டிய ஒரு பங்களாத் தோட்டத்தில் எனக்கு வேலை கிடைத்தது. உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி ஒன்று அங்கே உண்டு. பார்க்கச் சின்ன டிராக்டர் மாதிரி இருக்கும். எனக்கு முன்னால் அதை ஓட்டியவர் ஒரு மழைக்காலத்தில் வண்டியோடு காயலில் விழுந்து இறந்துபோனார். வண்டியைக் கயிறு கட்டி மேலே இழுத்து, என்ஜினை மட்டும் சரிபார்த்து ஷெட்டில் விட்டிருந்தார்கள். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் என் பொறுப்பு.

அவர் வேண்டுமென்றே வண்டியைக் காயலில் விட்டுவிட்டார் என்று ஒரு பேச்சு இருந்தது.

"ஒரு சத்தம்கூடப் போடல்ல. நேரா போயி எறங்கிட்டான்" என்றார் வாட்ச்மேன் சேட்டன்.

ஷெட்டைத் திறந்ததும் சேற்று வாடை அடித்தது. இருக்கையில் உட்கார மனம் வரவில்லை. நின்றபடியே ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். அது வெறுமனே சுற்றிக்கொண்டு போய், பிறகுதான் முன்சக்கரம் அசைந்தது.

மதியம் இறந்தவருடைய மனைவி வந்தாள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரி. ஷெட் வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, அதக் கழட்டிப் பாப்பீங்களா?"

"பாக்காம ஓட்ட முடியாதேம்மா."

"பிரேக்கு போயிருந்துச்சான்னு மட்டும் சொல்லுங்க. நான் நிக்கிறேன்."

சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். மிதியிலிருந்து பின்னால் போகும் பிரேக் கம்பி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த ஆணி முறிந்து, பாதி துளைக்குள்ளேயே இருந்தது. முறிந்த இடம் உள்வரை கறுத்திருந்தது. நாள்பட்ட துரு.

அதன்பிறகுதான் மிதியைக் கவனித்தேன். இரும்புத்தண்டு கீழ்நோக்கி வளைந்திருந்தது. நிமிர்த்திப் பார்த்தேன், என் கைக்கு அசையவில்லை. விழுந்ததில் வளைந்ததோ என்று சுற்றிலும் தடவினேன். கால் வைக்கும் தகட்டில் ஒரு நசுங்கல்கூட இல்லை.

"கிட்ட வாம்மா" என்றேன். குனிந்து பார்த்தாள்.

"பிரேக்கு அறுந்திருக்கு. அது தெரியாம மிதிச்சிருக்காரு. பலமெல்லாம் போட்டு மிதிச்சிருக்காரு."

அவள் அழவில்லை. மிதியின் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே இருந்தாள்.

"அப்போ வீட்டுக்கு வரணும்னுதான் இருந்திருக்காரு" என்றாள்.

வாட்ச்மேன் சேட்டனைக் கூப்பிட்டு அவள் முன்னாலேயே காட்டினேன். அவர் தலையில் கட்டியிருந்த தோர்த்துத் துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

புது ஆணி போட்டு, பிரேக் நட்டை இறுக்கினேன். ஸ்டீயரிங்கின் பல்சக்கரங்களை நெருக்கி வைத்ததும் ஆட்டம் நின்றது. வளைந்த தண்டை வெல்டிங் கடையில் காய்ச்சி நிமிர்த்தினேன். வண்டி நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லியிருந்ததால், மறுவாரம் அவள் பார்க்கவே, அவள் கணவர் விழுந்த காயல் சரிவில் இறக்கினேன். மிதித்தேன். கரைக்கு வெகுதூரம் முன்பே நின்றது.

"போதும்ணே" என்று சொல்லிவிட்டுப் பாலத்துப் பக்கம் நடந்தாள்.

பிரேக்கில் இன்றுவரை குறையில்லை. ஆனால் அந்தச் சரிவில் இறங்கும்போது மட்டும், நான் கால் வைப்பதற்குள்ளேயே மிதி தாழ்வது போல இருக்கும். ஸ்பிரிங்கைப் பலமுறை கழற்றிப் பார்த்தாகிவிட்டது. கரையோரப் புல்லை இப்போது அரிவாளால்தான் அறுக்கிறேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.