செல்வத்தின் பெயரில் துடித்த நெஞ்சு

அடுத்தவர் நெஞ்சைத் திறக்காமலே உள்ளே எட்டிப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. தாம்பரத்தில் ஒரு சின்ன ஸ்கேன் சென்டரில் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுக்கிறேன். சட்டையைக் கழற்றிவிட்டு, ஜெல் பட்ட குளிரில் உடம்பு சிலிர்க்க, என்னைப் போன்ற ஒருவன் முன்னால் நீங்களும் படுத்திருப்பீர்கள். அப்போது பயம் உங்களுக்கு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள், எங்களுக்கும் உண்டு.

பாதி ரத்தம் நீலம்

மேடவாக்கத்திலிருந்து வந்த ஐ.டி. இளைஞர் ஒருவர், எக்கோ எடுக்கும்போது திரையைப் பார்த்துவிட்டார். சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடுவதைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது. பாதி ரத்தம் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். என் கருவியை நோக்கி வரும் ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம், அவ்வளவுதான் என்றேன். உடம்பைச் சுற்றிவிட்டு வலப்பக்கம் வரும் ரத்தத்தை இதயம் நுரையீரலுக்கு அனுப்பும், அங்கே காற்று வாங்கிக்கொண்டு இடப்பக்கம் திரும்பியதும் மறுபடி உடம்புக்குத் தள்ளும் என்றும் விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் ஓகே சார், ரிப்போர்ட்ல மட்டும் ஃபுல்லா சிவப்பா பிரிண்ட் போட்டுக் கொடுங்க. அம்மா பாத்தா பயந்துடுவாங்க."

சட்டையை மாட்டியவர்

கேளம்பாக்கம் பக்கம் கம்பெனி கார் ஓட்டுகிற டிரைவர்களிடம் இதய சர்டிபிகேட் கேட்கிறார்கள். அதற்காகச் செல்வம் என்று ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயது, ஜிம் உடம்பு. சிரித்துக்கொண்டே படுத்தார். காகிதத்தில் கோடு வர ஆரம்பித்ததுமே டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினேன். ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற இதயத்துக்கும் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுபோகும் குழாய் இவருக்கு அடைத்திருந்தது. வலி இருக்கிறதா என்று கேட்டேன். காலையிலிருந்து இடது தோள் இழுக்கிறது, வெயிட் தூக்கியதால் இருக்கும் என்றார்.

டாக்டர் ஓடிவந்து பார்த்தார். ஹார்ட் அட்டாக், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றார். நான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டுத் திரும்பினால், படுத்திருந்தவர் பதற்றமே இல்லாமல் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறார்.

"நான் செல்வம் இல்ல சார், அவன் பிரண்டு பாபு. அட்டாக்கு அவன் பேருக்குத்தானே வந்துகீது, நான் போயி அவனை இட்டுகினு வரேன்."

நிஜச் செல்வம்

பாபுவை மல்லுக்கட்டித்தான் ஆம்புலன்சில் ஏற்றினோம். அன்றே அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார்களாம்.

நாலாம் நாள் செல்வம் தானே வந்தார். பல வருடமாக சிகரெட் பழக்கம். சர்டிபிகேட் கிடைக்காமல் வேலை போய்விடுமோ என்று பயந்து தனக்குப் பதிலாக பாபுவை அனுப்பியிருக்கிறார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தேன். கோடு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மனுஷன் கட்டிலில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"நல்ல நெஞ்சா பாத்துதானே சார் அவனை அனுப்பினேன்!"

இப்போதெல்லாம் ஆதார் அட்டையைப் பார்க்காமல் நான் யாரையும் கட்டிலில் ஏற்றுவதில்லை. ஆனால் பார்க்காமல் விட்ட அந்த ஒரு நாளில்தான் ஓர் உயிர் பிழைத்தது என்பதை சென்டர் முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.