அகராதி சொன்ன அர்த்தம்

அந்தத் தையல் தொழிற்சாலையில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அகராதி’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். பேக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருடம். தைத்த சட்டைகள் மடிந்து பெட்டிக்குள் போனதும், எந்த ஊருக்கு எத்தனை என்று சீட்டு ஒட்டி அனுப்புவது அவர் வேலை. பத்தாவதோடு படிப்பை விட்டவர். பெட்டியின் மேல் இருந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே ஆங்கிலம் கற்றுக்கொண்டார். முதுகுப்பட்டை கழன்றுபோன ஓர் ஆங்கில அகராதியும் அவரிடம் இருந்தது. மதிய இடைவேளையில் அதைப் புரட்டிக்கொண்டிருப்பார். “படிக்கிற அகராதியா, பிடிச்ச அகராதியாண்ணே?” என்று தையல் பெண்கள் கேலி செய்தால், “ரெண்டும்தான்” என்று சிரிப்பார்.

மருந்து அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சுற்றறிக்கை, புதிதாக வாங்கிய மிக்ஸியோடு வந்த தாள், எல்லாம் அவரிடம்தான் வரும். கண்ணாடியை மாட்டி, கையை நீட்டித் தாளைத் தூரப் பிடித்து, ஒரு தரம் செருமிவிட்டுத்தான் சொல்ல ஆரம்பிப்பார். தெரியாது என்று சொன்னதே கிடையாது. புரியாத இடம் வந்தால் சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்து அர்த்தத்தைக் கூட்டிக்கொள்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சரக்கு ஏற்ற வேண்டிய லாரி வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அப்போது மாடியைப் பெருக்கித் துடைக்கிற அக்கா, கையில் ஒரு மஞ்சள் சீட்டோடு இறங்கி வந்தார்.

“தம்பி, பேட்டர்ன் ரூம் மேசையில இது ஒட்டியிருந்துச்சு. என்னன்னு பாருங்களேன்.”

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த டிசைனர் அம்மாள் எழுதிவிட்டுப் போனது அது. இரண்டு நாளாக அவர், ஆணியில் தொங்கிய பேட்டர்ன் அட்டைகளை எல்லாம் இறக்கி மேசையில் பரப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். துணியின் மேல் வைத்து ஓரத்தில் கோடு போட்டு வெட்டுவதற்கான அட்டைகள். கை, கழுத்து, முதுகு என்று ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனி. வேலை முடிந்து அவர் மதியமே விமானம் ஏறிவிட்டார். பேட்டர்ன் மாஸ்டர் அன்று விடுப்பு.

சீட்டில் ஒரே வரி. ‘ப்ளீஸ் புட் அவே ஆல் த பேட்டர்ன்ஸ்.’

அகராதி சொல்லைப் பிரித்துப் பார்த்தார். புட் என்றால் போடு. அவே என்றால் தூர.

“எல்லாத்தையும் தூரப் போடச் சொல்லியிருக்காங்கக்கா.”

அக்கா நகரவில்லை. “நல்லா கெட்டியான அட்டையா இருக்கே தம்பி. நெசமாவா?”

அவருக்கும் ஒரு நொடி உறுத்தியது. மேசை இழுப்பறையில் அகராதி இருந்தது. எடுத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகியிருக்காது. ஆனால் ஹாரன் சத்தத்தில் பேச்சு காதில் விழாவிட்டாலும், லாரிக்காரரும் பேக்கிங் ஆட்களும் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் படிச்சுச் சொல்றேன், நீங்க என்னையே கேக்குறீங்க. புது டிசைன் வருது, பழசு எதுக்கு அவங்களுக்கு?” என்றார்.

அக்கா மேலே போனார். அட்டைகள் சாக்கில் நுழையவில்லை என்று ஒவ்வொன்றையும் இரண்டாகக் கிழித்து, ஒன்பது சாக்கு கட்டினார். சனிக்கிழமை காலை கழிவு வண்டி வெட்டுத் துணியோடு அவற்றையும் அள்ளிக்கொண்டு போனது.

திங்கள்கிழமை பேட்டர்ன் மாஸ்டர் கதவைத் திறந்தார். சுவரில் ஆணிகள் மட்டும் இருந்தன. பதினொரு வருடத்தில் வெட்டிய இருநூற்றுச் சொச்சம் அட்டைகள். மனிதர் வெறும் மேசையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே நின்றார். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். கட்டிங் பகுதி ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“சீட்டுல தூரப் போடச் சொல்லியிருந்துச்சு சார். அகராதித் தம்பிதான் படிச்சுச் சொன்னாரு.”

கீழே ஆள் போயிற்று. அவர் மேலே வரும்போது மேனேஜர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “எடுத்து வைக்கச் சொல்லியிருக்காங்கய்யா. இருந்த இடத்துல எடுத்து வைன்னு எழுதியிருக்கு. நீ என்ன சொன்ன?” என்று கேட்டார்.

அந்த நொடியில்தான் அவருக்கு அர்த்தம் தெரிந்தது. யோசிப்பதற்கு முன்பே வாய் முந்திக்கொண்டது.

“நானும் அதைத்தானே சார் சொன்னேன். எடுத்து வைங்கன்னுதான் சொன்னேன்.”

சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். அக்கா வாயைத் திறந்தார், பிறகு தன் காதைத் தடவிக்கொண்டார். அவர் வாதாடியிருந்தால்கூட அகராதிக்குப் பற்றிக்கொள்ள ஒரு பிடி கிடைத்திருக்கும். அன்று மதியமே அக்காவைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள். மாடிப்படியில் செருப்பைத் தேடிக்கொண்டு அவர் குனிந்து நின்றதை அகராதி தூணின் மறைவிலிருந்து பார்த்தார்.

இழுப்பறையில் இருந்த அகராதியை வீட்டுக்கு எடுத்து வந்து புரட்டினார். ‘புட்’ என்ற சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒன்றரைப் பக்கம் இருந்தது. கூடவே ஆஃப் வந்தால் ஒத்திப்போடு, அவுட் வந்தால் அணை, அவே வந்தால் எடுத்து அதன் இடத்தில் வை. இருபது வருடமாக அவர் கையிலேயே இருந்த புத்தகம். அந்தப் பக்கத்தில் அவர் விரல் பட்ட அழுக்குகூட இருந்தது.

“என்னங்க, சாப்பிடாம புஸ்தகத்தையே முறைச்சுட்டு இருக்கீங்க?” என்றாள் மனைவி. கண் எரிகிறது என்றார்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் பேட்டர்ன் மாஸ்டருக்கு உதவப் போனார். பழைய சட்டைகளைத் தையல் பிரித்து, துண்டு துண்டாக அட்டையில் பரப்பிக் கோடு போட வேண்டும். மாஸ்டர் சொல்லச் சொல்ல அளவெடுத்துக் கொடுத்தார். “யாருக்கோ வந்த விதின்னு போகாம நீங்க ஒருத்தர்தான் கூட நிக்கிறீங்க” என்றார் மாஸ்டர். இன்னொரு நாள், “பாவம் அந்தம்மா, காது மந்தம் போல. சொன்னது ஒண்ணு, விழுந்தது ஒண்ணு” என்றார். அகராதி அளவு நாடாவைச் சுருட்டினார். சுருட்டியதைப் பிரித்து மறுபடி சுருட்டினார்.

யாராவது தாளோடு வந்தால் கண்ணாடி உடைந்துவிட்டது என்று திருப்பி அனுப்பினார். கண்ணாடி சட்டைப்பையில்தான் இருந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்காக அவர் அரசு மருத்துவமனைக்குப் போனார். மருந்து தரும் இடத்துக்கு எதிரே காது, மூக்கு, தொண்டைப் பிரிவின் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். கையில் டோக்கன். ஒதுங்கிப் போய்விடலாம் என்று திரும்பினார்.

“தம்பி, நல்லா இருக்கீங்களா?” அக்காதான் கூப்பிட்டார். தள்ளி உட்கார்ந்து இடமும் விட்டார்.

“உடம்புக்கு என்னக்கா?”

“காதைக் காட்டலாம்னு வந்தேன். நீங்க எடுத்து வைன்னு சொன்னது எனக்குத் தூரப் போடுன்னு விழுந்திருக்கே. அன்னைக்கு நீங்க சொன்னதும் எனக்கே திக்குன்னு ஆயிடுச்சு. மனசுல ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன், தூரப் போடுன்னுதான் கேக்குது. பொண்ணு பயந்துட்டா. கையில குழந்தையக் குடுக்கவே யோசிக்கிறா. அழுதாக்கூட உனக்குக் கேக்காதுங்குறா.”

குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தன் காதைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் அக்காவின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அகராதி எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. கால் வரவில்லை என்றுதான் பிற்பாடு மனைவியிடம் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து அக்கா குழம்பிய முகத்தோடு வெளியே வந்தார்.

“காது நல்லா இருக்காம் தம்பி. இந்த வயசுக்கு இப்படிக் கேக்கறதே அதிசயமாம். அப்ப என் புத்திதான் பிசகிடுச்சா?”

“பிசகல அக்கா. நான் தூரப் போடுன்னுதான் சொன்னேன். அர்த்தம் தெரியாம சொன்னேன். அப்புறம் தெரிஞ்சே பொய் சொன்னேன்.”

அக்கா உட்கார்ந்தார். கையிலிருந்த சீட்டை நாலாக மடித்தார்.

“தப்பா சொன்னதுல ஒண்ணுமில்ல. என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டே எப்படி தம்பி வந்துச்சு?”

“நான் மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்க்கா.”

“மேனேஜர்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? அன்னைக்கு நின்னாங்களே, அத்தனை பேர்கிட்டயும் சொல்லுங்க. முதல்ல என் பொண்ணுகிட்ட வந்து சொல்லுங்க. இப்பவே.”

அன்றே போனார். கதவருகே நின்று மகளிடம் சொன்னார். அவள் உட்காரச் சொல்லவில்லை. இடுப்பிலிருந்த குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை கட்டிங் பகுதியில் எல்லோரும் வந்தபின், மேனேஜரையும் மேலே வரச்சொல்லி நடந்ததைச் சொன்னார். ஒத்திகை பார்த்து வந்த வார்த்தைகள் பாதியில் மறந்துபோயின. “அந்தக்கா கேட்டது சரி. நான் சொன்னதுதான் தப்பு. அப்புறம் நான் சொன்னது பொய்” என்று மூன்று துண்டாகச் சொல்லி முடித்தார். பின்வரிசையில் யாரோ செருமினார்கள். பேட்டர்ன் மாஸ்டர் கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, “இத்தனை நாளா என் பக்கத்துல உக்காந்துக்கிட்டு...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் வெளியே போனார்.

ஒரு வாரம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள், அவ்வருடச் சம்பள உயர்வும் போயிற்று. அக்காவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் வந்தார். இடைப்பட்ட நாட்களின் சம்பளத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாஸ்டர் இன்றுவரை அவரிடம் பேசுவதில்லை. மீதி அட்டைகளுக்கு வேறு ஆள் உதவி செய்தார். அக்கா மட்டும் எதிரே பார்த்தால், “சாப்பிட்டீங்களா தம்பி” என்று எப்போதும்போல் கேட்கிறார். அவர் “ஆச்சுக்கா” என்கிறார். மாடிப்படியை அக்கா துடைக்கிற நேரம் அவருக்குத் தெரியும். அந்த நேரத்தில் மேலே வேலை இருந்தாலும், படி காய்ந்தபிறகுதான் ஏறுகிறார்.